டீச்சரின் கார் சூடான காலை

அது மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால், மாடியில் குடியிருந்த டீச்சர் முழ நீளமுள்ள ஒரு சிவப்புக் காரைக் கைக்குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. உங்க பார்லர்ல முடி காய வெக்கற டிரையர் ஒண்ணு வேணுங்க. எனக்கில்ல, இதுக்கு" என்று காரைக் காட்டினார். கொண்டப்பநாயக்கன்பட்டியில் பன்னிரண்டு வருடங்களாக அழகு நிலையம் நடத்துகிறேன். எத்தனையோ தலைகளைக் காய வைத்திருக்கிறேன். ஒரு காருக்காக யாரும் வந்து நின்றதில்லை. தூக்கம் கலைந்த எரிச்சலையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சருக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தினார், தனியாகத்தான் இருந்தார். பள்ளி விட்டு வந்ததும் மொட்டை மாடியில் அந்தக் காரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். அது பொம்மையில்லை. கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவில் நிஜமான எஞ்சின் அதற்குள் இருந்தது. நைட்ரோ கலந்த எரிபொருளில் ஓடும். தூரத்தில் நின்று ரிமோட்டில் ஓட்டவேண்டும். ஜேடர்பாளையத்தில் ஆற்றோரத்து மைதானத்தில் நடக்கும் பந்தயத்துக்கு இரண்டு முறை கொண்டுபோயிருந்தார். இரண்டு முறையும் காலைக் குளிரில் எஞ்சின் கிளம்பவேயில்லை. மற்றவர்கள் ஓட்டுவதை வேடிக்கை பார்த்துவிட்டுக் காரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அங்கே கார் ஓட்ட வரும் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர், அந்தக் காரைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டே இருந்தாராம். வெறுத்துப்போன டீச்சர், "அடுத்த வாட்டியும் கெளம்பலீன்னா நீங்களே எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அந்த அடுத்த வாட்டிதான் அன்றைக்கு.

என் பார்லர் மேசையில் காரை வைத்து, தான் ஒவ்வொன்றாகச் சோதித்ததைச் சொன்னார். தீ மூட்டும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அதன் கம்பிச்சுருள் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. பழைய எரிபொருளில் ஈரம் ஏறியிருக்குமோ என்று புதுப் புட்டி வாங்கினார். எஞ்சினுக்குள் எரிபொருள் அளவுக்கு மேல் தேங்கியிருக்கிறதோ என்று பிளக் இல்லாமல், எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து எல்லாவற்றையும் வெளியேற்றினார். அப்படியும் கிளம்பவில்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். பிஸ்டனும் அது ஏறி இறங்கும் குழலும் புதிது. குழலின் மேல்பக்கம் கொஞ்சம் குறுகலாக இருக்கும். எஞ்சின் சூடானால் விரிந்து கொடுக்கும். குளிரில் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். "ஓடுனாத்தான் சூடாகும், சூடானாத்தான் ஓடும். இதாங்க அக்கா சிக்கலு" என்றார். நான் டிரையரைப் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் தெருவுக்குக் கொண்டுபோய் எரிபொருள் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். அது அலறிய அலறலில் எதிர்வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கோயில் பூசைக்குச் சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று முடிவுசெய்து, டிரையரையும் நாலு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு என் பழைய மாருதியில் அவரை ஏற்றிக்கொண்டேன்.

போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் ஆறிப்போயிருந்தது. காவிரியிலிருந்து வந்த காற்று காதைக் கடித்தது. டீச்சர் கயிற்றை இழுத்தார், பாதியிலேயே நின்றுகொண்டது. பந்தயம் தொடங்கக் கால் மணி நேரம்தான் இருந்தது. ரிக்காரர் சிரித்துக்கொண்டே வந்து, "டீச்சருங்க, சொன்னது ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார். மைதானத்தில் மின்சாரம் கிடையாது. தடுப்பணைக்குப் போகும் வழியில் ஒரு மீன் கடையில் மட்டும் பல்பு எரிவது தெரிந்தது. கடையில் அடுப்பு எரியுமோ என்று பயந்து டீச்சர் டேங்கில் சொட்டு எரிபொருள்கூட இல்லாமல் துடைத்தார். புட்டியை மைதானத்திலேயே விட்டுவிட்டார். இருவரும் ஓடினோம்.

கடைக்கார அம்மா அப்போதுதான் மீன் கழுவிக்கொண்டிருந்தார். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. டிரையரைப் பார்த்ததும், "ஏனுங் அம்மிணி, மீன் பொரிக்கற எடத்துல தலை காய வெக்கோணுமா?" என்றார். விளக்கம் சொல்ல நேரமில்லை. அவரும் கேட்காமலே பிளக் பாயிண்டைக் காட்டிவிட்டார். ஆனால் ஆற்றுக்காற்று சூட்டையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. மூன்று நிமிடம் காட்டியும் எஞ்சின் ஜில்லென்றே இருந்தது. டீச்சரின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன். தலைக்கு எண்ணெய் வைத்து ஆவி கொடுக்கும்போது நாங்கள் துண்டைச் சுற்றிவிடுவோம், சூடு வெளியே போகாது. அது சட்டென்று நினைவுக்கு வந்தது. எஞ்சினைச் சுற்றித் துண்டைக் கட்டி, இடுக்கு வழியாக டிரையரின் மூக்கை நுழைத்தேன். கொஞ்ச நேரத்தில் டீச்சர் விரலை வைத்துப் பார்த்து உதறினார். "போதுங்க அக்கா, வாங்க!"

துண்டோடு காரை அணைத்துக்கொண்டு அவர் முன்னே ஓட, டிரையர் வயர் தரையில் இழுபட நான் பின்னே ஓடினேன். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எரிபொருள் ஊற்றினார், பிளக்கின்மேல் அதைச் சூடேற்றும் பேட்டரிக் கைப்பிடியை மாட்டினார், இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார், ஒரு இருமல். மூன்றாவது இழுப்பில் புகையைக் கக்கிக்கொண்டு அலறியது பாருங்கள், நான் கத்திய கத்தல் அதற்கும் மேலே கேட்டிருக்கும்! எட்டுக் கார்களில் டீச்சருடையது ஐந்தாவதாக வந்தது. ஒருமுறைகூட நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் முதல் பரிசே அவருக்குத்தான் என்று நினைத்திருப்பார்கள்.

ரிக்காரர் வந்து கைகுலுக்கினார். "எப்பிடிங்க டீச்சர் கெளப்புனீங்க?" என்று உண்மையான ஆசையோடு கேட்டார். டீச்சரோ துண்டு கட்டியதுவரை ஒன்று விடாமல் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும் வழியில், "வண்டியப் பறிக்கப் பாத்தவருக்குப் போயி எல்லாத்தயும் சொல்லுவீங்களா?" என்று சண்டை பிடித்தேன். "அவரு வண்டியும் ஒருநா குளிர்ல நின்னுபோச்சுன்னா, நான் யாருகூடங்க அக்கா ஓட்டறது?" என்றார்.

டீச்சருக்குக் கொல்லிமலைக்கு மாற்றலாகி இரண்டு வருடமாகிறது. மாடியில் இப்போது வேறு குடும்பம். சாயங்காலங்களில் மொட்டை மாடி அமைதியாகக் கிடக்கிறது. மலைக்குப் போன புதிதில், "இங்க குளிரு ரொம்ப மோசமுங்க, என்ன செஞ்சாலும் வண்டி எந்திரிக்க மாட்டேங்குது" என்று போனில் புலம்பியிருந்தார். அதன்பிறகு பேச்சு குறைந்துவிட்டது. போன மாதம் ஒரு மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன், அதிகாலை முகூர்த்தம். போன் அடித்தது; அவர் பெயர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். ஹலோ இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அறை முழுவதும் எஞ்சின் சத்தம் வீறிட்டது. பாதி மை தீட்டிய கண்ணோடு பெண் பயந்துபோய்த் திரும்பினாள்.

"என்னக்கா இது?"

"எங்க டீச்சர் பேசறாங்க" என்றேன்.