தேக்குப் பெட்டி வந்து சேர்ந்த கதை

பிள்ளைகளே, சொல்லக் கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு வயிற்றில் நெருப்போடு அலைந்திருக்கிறீர்களா? எட்டு வயதில் நான் அலைந்தேன்.

தென்காசியில் அப்பாவின் ஜவுளிக்கடை நொடித்துப்போய், மதுரையில் ஒரு கடையில் துணி அளந்து போடும் வேலை கிடைத்திருந்தது. ஆடி பிறந்துவிட்டால் வீடு மாற்ற மாட்டார்கள். ஆனியில் மிச்சம் பத்தே நாள். சாரல் காலமானதால் வண்டிகளெல்லாம் குளிக்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு குற்றாலத்தில் கிடந்தன. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், நனைந்துகொண்டே நின்று, முன்பின் தெரியாத ஒரு பண்பொழி ஊர் வண்டிக்காரரைப் பிடித்தார். அவருக்கும் அவர் தம்பிக்குமாக இரண்டு மாட்டு வண்டி.

"அஞ்சாம் நாள் மதுரையில இறக்கிருதேன் அண்ணாச்சி" என்றார்.

சாமான் ஏற்றும்போது பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்த்து, "ஏட்டி, ஊருக்குப் போறவ வெறும் மஞ்சக் கயிறோடயா போவா?" என்று கேட்டாள்.

"நகையெல்லாம் தேக்குப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டேன்க்கா" என்றாள் அம்மா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிக்காரரிடம் ஓடினேன். "அண்ணாச்சி, அந்தப் பெட்டியப் பாத்துத் தூக்குங்க. எங்கம்மா நகை பூராவும் அதுலதான் இருக்கு."

அவர் சுட்டதுபோல் கையை எடுத்தார். "ஏலே, இத ஏன் எங்கிட்ட வந்து சொல்லுத?"

நாங்கள் ரயிலில் மதுரை வந்து சேர்ந்தோம். ஐந்தாம் நாள் வண்டி வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. அப்பா விடிந்ததும் சாலையில் போய் நின்றுவிட்டுத் தனியாகத் திரும்புவார். எனக்கோ வண்டிக்காரர் பெட்டியை உடைப்பதே கண்ணுக்குள் நின்றது. ஏழாம் நாள் அழுதுகொண்டே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. என் கண்ணைத் துடைத்துவிட்டு, "போலே, போய் விளையாடு" என்றாள்.

எட்டாம் நாள் வண்டிகள் வந்தன. பண்பொழிக்காரருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெட்டியைத் தானே தூக்கி வந்து தெரு பார்க்க வாசலில் வைத்தார்.

"உங்க பையன் சொன்னதுலேருந்து பொட்டுத் தூக்கம் கிடையாது அண்ணாச்சி. பொழுது சாஞ்சா வண்டி கட்டல, அதான் பிந்திட்டு. இது மேலயே தலய வச்சுக் கெடந்தேன். எல்லாரும் பாக்கத் தொறந்து பாத்துருங்க. நாளைக்கு ஒரு சொல்லு வரப்பிடாது."

"வேண்டாம். உங்கள நம்புதேன்" என்றார் அப்பா.

"நம்புறது இருக்கட்டும். தொறங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தெருவே எட்டிப் பார்த்தது. அம்மா சாவியோடு வந்தாள். "உள்ள கொண்டாங்க அண்ணாச்சி. நீங்க மட்டும் வாங்க."

கதவைச் சாத்தினாள். பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வெளியே வந்த வண்டிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல், தெருவுக்கே கேட்கும்படி, "எல்லாம் சரியா இருக்கு. ஒரு குண்டுமணி குறையல" என்றார்.

எனக்கு உயிர் வந்தது.

கடை நொடித்தபோதே நகை முழுவதும் விற்றாயிற்று, பெட்டிக்குள் இருந்தது பழைய சேலைகள்தான் என்பது நான் பெரியவனான பிறகுதான் தெரிந்தது. அன்று அம்மா வண்டிக்காரருக்கே முதல் இலை போட்டாள். ஒரு காலத்தில் முதலாளியாக இருந்த அப்பா, செம்பைச் சாய்த்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். நகையைக் காவல் காத்ததற்கு இவ்வளவு உபசாரமா என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.