மஞ்சள் பூசியிருந்த கல்

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பட்டினப்பாக்கத்தில் அடையாறு கடலில் சேரும் இடத்து மணல்மேட்டில் நடந்தது இது.

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மகன், மருமகள், மூன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தி, நான் என்று நால்வரும் ஆற்றோரமாக நடக்கப் போயிருந்தோம். பள்ளிக்கூடத்தில் விதவிதமான கற்களைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். எனக்கு இஷ்டமே இல்லை. அந்த ஆற்றில் என்னவெல்லாம் கலக்கிறது என்று ஊருக்கே தெரியும். போதாததற்கு உடைந்த கண்ணாடி, ஊசி, தெருநாய்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை திரும்பி, எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிக்கொண்டே நடந்தேன்.

"நாம நாலே பேருப்பா. இதுல யாரு தொலையப் போறாங்க?" என்று மகன் சிரித்தான்.

மழைக்கால வெள்ளம் நிறையக் கற்களைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போயிருந்தது. வெள்ளைக் கோடு ஓடிய கருங்கல், பொத்தல் பொத்தலான செம்மண் நிறக் கல், அவற்றோடு முட்டை மாதிரி வழவழப்பாகச் சாம்பல் நிறத்தில் நிறைய. எதையும் கழுவாமல் பையில் போடக்கூடாது என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவளும் முன்னால் ஓடிப்போய்ப் பொறுக்குவாள், தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் தேய்த்துக் கழுவுவாள், துணிப்பையில் போடுவாள். ஒவ்வொன்றாக விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று ஆனதும், "போதும், கனக்கும்" என்று திரும்பச் சொன்னேன்.

வந்த வழியிலேயே திரும்பினோம். போகும்போது அங்கே யாரும் இல்லை. இப்போது புதிதாக மொட்டை அடித்த ஒருவர், ஈர வேட்டியோடு மண்டியிட்டு மணலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். பக்கத்தில் காற்றில் புரண்டு கிடந்தது ஒரு வாழையிலை. வயதான ஓர் அம்மாள் கையில் மண்பானையோடு எங்களைப் பார்த்து ஓடி வந்தார்.

"பெரியவரே, இங்க ஒரு கல்லு மஞ்ச பூசி வச்சிருந்தோம். யாராச்சும் எடுத்தாங்களா, பாத்தீங்களா?"

"அந்த மாதிரிப் பொருளையெல்லாம் நாங்கள் தொடமாட்டோம்" என்றேன். யாரிடமும் கேட்காமலே சொன்னேன்.

பேத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, ஒரு கல்லு மஞ்சளா இருந்துச்சு. கழுவினேன், போயிடுச்சு."

அது கருமாதிக் கல். இறந்தவரை அந்தக் கல்லில் நிறுத்தி, படைத்து, பிறகு தண்ணீரில் விட்டு அனுப்பிவைப்பார்கள். அன்று அந்தக் கல்லில் நின்றிருந்தவர் அந்த மொட்டைத் தலைக்காரரின் தாய். மொட்டை அடித்தவர் முழுக்குப் போடப் போக, தாயின் தங்கையான அந்த அம்மாள் ஆட்டோவிலிருந்த பானையை எடுக்கப் போக, அந்தச் சிறிது நேரத்தில்தான் என் பேத்தி அங்கே போயிருக்கிறாள்.

"குழந்தைங்க, தெரியாம..." என்று என் மகன் ஆரம்பித்தான்.

"கொழந்த தெரியாம செஞ்சிச்சு. பெரியவங்க கண்ணு இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?" என்று அந்த அம்மாள் கத்தினார். "இந்தக் கரையிலதான் எங்க வூடு இருந்துச்சு. இடிச்சுட்டு எங்கியோ கொண்டுபோயி மூணாவது மாடியில வச்சானுங்க. அக்கா கால் ஒடிஞ்சவ, எறங்கவே இல்ல. ஆத்தப் பாக்கணும், ஆத்தப் பாக்கணும்னே போய்ச் சேந்தா. இப்பதான் வந்தா. அவளயும் பையில போட்டுக்கினு போறீங்களே, நியாயமா?"

பையை அந்த மொட்டைத் தலைக்காரர் விரித்த துண்டின் மேல் கவிழ்த்தேன். பதினொரு கற்கள். கோடு போட்ட இரண்டையும் பொத்தல் விழுந்த ஒன்றையும் ஒதுக்கினாலும், சாம்பல் நிறத்தில் எட்டு மிஞ்சின. எட்டும் ஒரே மாதிரி. பேத்தி ஒன்றைக் காட்டினாள். பிறகு வேறொன்றைக் காட்டினாள். அப்புறம் ஒதுக்கி வைத்ததிலிருந்தே ஒன்றைத் தொட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"உனக்காச்சும் தெரிய வேணாமா நைனா?" என்று அக்கா மகனிடம் கேட்டார் அம்மாள்.

மொட்டைத் தலைக்காரர் ஒவ்வொரு கல்லாகக் கையில் எடுத்துப் பார்த்தார். "விடியறதுக்கு முன்ன இருட்டுல பொறுக்கனது, சின்னம்மா. மஞ்ச பூசனப்புறம்தான் மொகம் பாத்தேன்" என்றார். பிறகு என் பேத்தியிடம், "வுடு பாப்பா. நீ யோசிக்காத" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பதினொன்றையும் துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நின்று ஒரு கல்லை எடுத்துத் தலைக்குமேல் சுற்றி, "போம்மா" என்று விட்டார். இரண்டாவதற்கும் "போம்மா". ஒவ்வொரு தடவையும் கரையில் அந்த அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டார். பாதிக்கு மேல் தண்ணீரில் நின்றவரின் குரல் உடைந்து, உதடு அசைவதுதான் தெரிந்தது. எண்ணக்கூடாது என்று நினைத்தும் எண்ணிக்கொண்டே நின்றேன். கடைசிக் கல்லை வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார்.

கரையேறி எங்களைக் கடக்கும்போது பேத்தியின் தலையைத் தொடக் கையை நீட்டினார். தான் தீட்டில் இருப்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, சட்டென்று இழுத்துக்கொண்டார். "வூட்டுக்குப் போனதும் பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துங்க. பயந்துகினு கீது" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

பள்ளிக்குப் பேத்தி கல் எதுவும் கொண்டுபோகவில்லை. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

பெற்றவளை மகன் ஒருமுறைதான் அனுப்பிவைப்பான். அந்த மகனை நாங்கள் பதினொரு முறை அனுப்பவைத்தோம், அதில் எந்த முறை அந்தத் தாய் உண்மையில் போனார் என்று தெரியாமலே அவர் அந்தத் தொலைதூர மாடி வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்ற நினைப்பு இன்றும் என்னை விடியுமுன் எழுப்பிவிடுகிறது.