நல்லமுத்து தப்பைக் கீழே வைத்த பிறகு

"கேரம் வேணாம், ரேடியோ வேணாம், சீட்டு ஹராம்... அப்ப இங்க என்னத்தத்தான் செய்யிற, புள்ள?"

"சும்மா இருக்கத்தானே வந்தோம்! டாக்டர் என்ன..."

"டாக்டர் உன்னையத்தான் படுக்கச் சொன்னாரு. என்னையுமா?"

"ரெண்டு புள்ளய மண்ணுக்குக் குடுத்தாச்சு. இதையாவது நிம்மதியா சுமக்க விடுங்க!"

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. 1956 ஏப்ரல். இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா. ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்த நஜீம், ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி அசீசாவை நான்கு நாள் ஓய்வுக்குக் கூட்டி வந்திருந்தார். ஓய்வு அவளுக்கு. பொழுது போகாமல் தவித்தது அவர்.

அன்று மூன்றரைக்கே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. நஜீம் பங்களாக் காவல்காரர் நல்லமுத்துவைக் கூப்பிட்டார்.

"உனக்குத் தப்படிக்கத் தெரியுமாமே? கொண்டா பாப்போம். இந்த வீட்டுல ஏச்சுச் சத்தம் தவிர வேற சத்தமும் கேக்கட்டும்."

நல்லமுத்து தப்பைத் தோல் விறைக்கத் தீயில் காய்ச்சி எடுத்து வந்து வராந்தாவில் நின்றார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடும் அடி அடித்தார். திருவிழா அடி அடித்தார். நஜீம் தொடையில் தாளம் போட்டார். உள்ளே அசீசா அறைக்கதவை ஓங்கிச் சாத்தினாள்.

"இன்னொரு அடி இருக்குமே, பிரேதம் தூக்கிட்டுப் போறப்ப?"

நல்லமுத்துவின் முகம் இறுகியது. "வேற எங்க வேணும்னாலும் அடிக்கிறேன் மொதலாளி. இந்த பங்களாவுல வேணாங்க."

"ஏன், பங்களா எந்திரிச்சு ஓடிருமா? அடிய்யா!"

அடித்தார். நாலே நாலு சுற்று.

அசீசா பாய்ந்து வந்தாள். "வயித்துல புள்ளயோட ஒருத்தி இருக்கேன். சாவு மேளமா கேக்குது உங்களுக்கு? நிறுத்துங்க!"

நல்லமுத்து தப்பைத் தரையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

சத்தம் நிற்கவில்லை.

டம்... டக்க டக்க... டம்...

"நிறுத்துங்கன்னு சொன்னேனே!"

"நிறுத்திட்டேங்கம்மா..."

அவர் கையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தப்பு கிடந்தது.

சத்தம் கீழே, தேயிலைக்குள் இருந்து வந்தது. அந்தப் பனிக்குத் தோல் தொய்ந்து, அடித்தால் ஈரச் சாக்கைத் தட்டியது போலத்தான் கேட்க வேண்டும். இது கணீரென்று கேட்டது. அப்போதுதான் தீயில் காய்ச்சிய தோல் மாதிரி.

நாலு இருபது. சத்தத்தோடு காலடிகள். ஈர மண்ணில், வெறுங்கால்கள்... நிறைய.

ஒப்பாரி இல்லை. ஓர் அழுகுரல்கூட இல்லை.

"யார்ரா அது? போங்கடா!" நஜீமின் குரல் உடைந்தது.

படியருகே வந்தது.

முதல் படி.

இரண்டாவது...

நாலு முப்பத்தெட்டுக்கு நின்றது. பனியில் யாரும் இல்லை.

"நீ அறிஞ்சுதான் வேணாம்னியா?" நஜீம் நல்லமுத்துவின் சட்டையைப் பிடித்தார். "சொல்லித் தொலையேன்!"

நல்லமுத்து அந்தக் கையை விலக்கிவிட்டார். ஏழு வருடக் கோபம் அவர் குரலில் இருந்தது.

"கீழ நாங்க குடியிருந்த லயத்து மேல மண்ணு சரிஞ்சதுங்க. பதினோரு பேரு. எம் பொஞ்சாதியும். அன்னைக்கு இங்க தொரைக்கு விருந்தாளிங்க, டான்ஸு. மேளம் அடிச்சா அவுங்க சந்தோசம் கெட்டுப்போயிருமாம். மேளமும் கூடாது, ஒப்பாரியும் கூடாதுன்னுட்டாரு. திருடன் மாதிரி தூக்கிட்டுப் போயிப் பொதைச்சோம். அடிக்க வேண்டியவன் நானு... இன்னைக்குத்தான் அடிச்சேன். அதையும் அம்மா பாதியில நிறுத்திட்டாங்க."

நஜீம் அசீசா பக்கம் திரும்பினார். "சரி, சரி... அதான் நின்னுட்டுதே. நீ உள்ள போ, புள்ள."

அசீசா அசையவில்லை. இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"வெளியதான் நின்னிருக்கு. இங்க கை வச்சுப் பாருங்க... உள்ள அடிக்கிறது யாரு?"