அவர் காதால் நான் வாங்கிய வேலை

என் கணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலையை நான் திருடிக்கொண்டேன்.

திருடியபோது அவர் என் கணவர் அல்லர். முன்பின் தெரியாத ஒரு மனிதர். பிறகுதான் அவரைத் திருமணம் செய்துகொண்டேன். இது குற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? ஆறு ஆண்டுகளாக யோசிக்கிறேன்... விளங்கவில்லை. நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்குச் சாதகமான தீர்ப்பு வராது என்பது மட்டும் தெரியும்.

என் பெயர் அமுதா. சிங்கப்பூர் எல்லைக்கு இப்பால் உள்ள செனாயில், கார் டர்போக்களைச் சோதித்துச் சீர்செய்யும் ஒரு நிறுவனத்தில் சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளர். டர்போ என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான்! கல்லூரியில் ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். என் தோழிகள் கைப்பேசியில் நடிகர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட காலத்தில், அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள் நான்.

படித்து முடித்ததும் கிடைத்ததோ தெப்ராவில் ஒரு குளிர்சாதனத் தொழிற்சாலை. ஒவ்வொரு மூடியிலும் நான்கு திருகாணிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. இருந்தன. இரண்டு வருடமும் இருந்தன.

ஆகவே செனாயிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த நாளில் என் நிலை என்னவாக இருந்திருக்கும்... ஊகித்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் இடத்தில் நானும் இன்னொருவரும் மட்டும்தான். ஒல்லியான உருவம். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். நகக் கண்களில் மட்டும் கிரீஸ் கறுப்பு போகவில்லை. பெயர் குணசீலன் என்றார். ஏதோ ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவர். சுவருக்கு அப்பால் சோதனை அறையில் ஒரு டர்போ அலறிக்கொண்டிருந்தது.

இங்கே உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்குக் காது கிடையாது. செவிடு இல்லை, ஆனால் ஒரு சத்தத்துக்கும் இன்னொன்றுக்கும் பேதம் தெரியாது. கோயில் பஜனையில், "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று கேட்டுக்கொள்ளப்பட்டவள். அன்று எனக்குக் கேட்டது அலறல் மட்டுமே.

அவரோ சுவரைப் பார்த்தபடி, யார்மீதோ இரக்கப்படுவதுபோல் சொன்னார்: "பாவம், சாகப் போகுது. சத்தத்துக்கு அடியில ஒரு முனகல் வருது பாருங்க. பேரிங்குக்கு எண்ணெய் போகல. வர்ற குழாய் எங்கயோ நசுங்கியிருக்கும்."

முனகலா? எங்கே? நான் காதைத் தீட்டினேன். ஒன்றுமில்லை. ஆனால் போட்டிக்கு வந்தவர் முன்னால் அசடாகத் தெரிய மனம் ஒப்பவில்லை. மிகுந்த கம்பீரத்தோடு தலையாட்டினேன். "ஆமா, எனக்கும் அதான் தோணுச்சு" என்றேன்.

அந்தப் பொய்யோடு நின்றிருந்தால் இன்று உங்களை அழைத்திருக்க மாட்டேன்.

பெயர் வரிசையில் நான் முதல். மேலாளர் ஓங் எனும் சீனப் பெரியவர் என் சான்றிதழ்களைத் திறக்கவே இல்லை. நேரே சோதனை அறையின் கண்ணாடிக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார். என்ன கேட்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வெளியே இருப்பவர் சொன்னார் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டேன்! தலையை ஒரு பக்கம் சாய்த்தேன். "அடியில் ஒரு முனகல்..." என்று தொடங்கி, அந்த மனிதரின் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். "சாகப் போகிறது" என்ற இரக்கத்தைக்கூட விடவில்லை.

எந்திரத்தை நிறுத்திப் பிரித்தார்கள். எண்ணெய்க் குழாய் ஒரு வளைவில் நசுங்கியிருந்தது. ஓங் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலமாக்" என்று மலாயில் வியந்தார்.

அடுத்து குணசீலனை அழைத்தார்கள். கேட்பதற்கு அங்கே சத்தமே இல்லை... எந்திரம் மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. வேறு வழியின்றி ஓங் புத்தகக் கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்; இவர் திக்கித் திணறியிருக்கிறார். வெளியே வந்தவர் என்னிடம் வருத்தமே இல்லாமல் சொன்னார், கெட்ட நேரம், உள்ளே போவதற்குள் எந்திரத்தை நிறுத்திவிட்டார்களாம். நீங்கள் கோளாறைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்கள், வாழ்த்துகள் என்றும் சொன்னார். நான்தான் அவர் எதிரிலேயே தலையாட்டிவிட்டேனே! எனக்கும் கேட்டிருக்கிறது என்றே நம்பியிருந்தார். எப்படி நம்பாமல் இருப்பார்?

வேலை கிடைத்தால் சொல்லுங்கள் என்று கைப்பேசி எண் கொடுத்துவிட்டுப் போனார். கிடைத்தது. சொன்னேன். கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினார்.

கனவு கண்ட வேலை... ஆனால் நான் பொறியாளராகச் சேரவில்லை, காதாகச் சேர்ந்துவிட்டேன்! முதல் வாரமே மலாய்த் தொழிலாளர்கள் எனக்கு 'தெலிங்கா' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மொழியில் காது. எங்கே எது முனகினாலும் தெலிங்காவைக் கூப்பிடு! கேண்டீன் குளிர்பெட்டியைக் கேட்டேன். தொழுகை அறை மின்விசிறியைக் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓங்கின் மாமியார் வீட்டுத் துணி துவைக்கும் எந்திரத்தின்மேல் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் மூச்சுவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரிங்" என்றேன். உருளுகிற பொருளுக்கெல்லாம் பேரிங் என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இதையாவது நான் திருடவில்லை.

டர்போக்களிடம் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அதனால் படித்தேன். வெறியோடு படித்தேன். யாருக்கும் தெரியாமல் எண்ணெய் மாதிரியை எடுத்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதிர்வுக் கருவியைப் பொருத்தி அளப்பேன். விடை தெரிந்த பிறகு எல்லாரையும் கூட்டி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, காதருகே கையைக் குவித்து... கேட்பேன்! நேர்மையாகக் கண்டுபிடித்ததை ஏமாற்று வேலைபோல் நடித்துக் காட்டிய ஒரே பொறியாளர் நானாகத்தான் இருப்பேன்.

ஒருமுறை இரண்டும் கைவிட்டன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஒரு டர்போ கீச்சிட்டது, சூடானால் அடங்கிவிட்டது. எண்ணெய் சுத்தம். அதிர்வில் குறையில்லை. வாடிக்கையாளர்கள் வரப்போகிறார்கள், அவர்கள் முன்னால் நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும் என்று ஓங் சொல்லிவிட்டார். கழிப்பறைக்குள் போய் தாழிட்டுக்கொண்டு குணசீலனை அழைத்தேன். சும்மா ஓர் அபிப்பிராயம் வேண்டும் என்று சொல்லி, பதிவு செய்த சத்தத்தைப் போட்டுக் காட்டினேன்.

அவர் முழுவதும் கேட்கவில்லை. "கிளாம்ப் தளர்ந்திருக்கு. புகை கசியுது. சூடானா இரும்பு விரிஞ்சு தானா அடைச்சிக்கும். சரிதானே?" என்றார்.

"அதேதான் நானும் நெனச்சேன்" என்றேன். மறுபடியும்!

அதன்பின் அடிக்கடி அழைத்தேன். முதலில் சத்தங்களுக்காக. பிறகு சத்தம் இல்லாத நாள்களிலும். அவர் அப்போது சிங்கப்பூரில் ஒரு பேருந்துப் பட்டறைக்கு மாறியிருந்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, எல்லை தாண்டும் பாலத்தில் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களோடு நெருக்கியடித்து, மழையில் நனைந்து போய்வருவார். செனாயில் அந்த வேலை கிடைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்...

நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு, பத்து பகாட்டில் இருக்கும் அவருடைய அத்தையைப் பார்க்கப் போகும் வழியில், ஆயர் ஈத்தாமில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். கல்யாணத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். சொன்னேன்.

"அன்னைக்கு இன்டர்வியூல... நீங்க சொன்னதும் எனக்கு உதவியா இருந்துச்சு."

அவர் சிரித்தார். "நான் சொல்றதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்லா. சும்மா அடக்கமா பேசாத" என்று சொல்லிவிட்டு இன்னொரு தேநீர் சொன்னார்.

உதவியாக இருந்ததாம்! பார்த்தீர்களா நான் பொறுக்கிய சொல்லை? 'திருடினேன்' என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்க முடியுமா? அவர் நம்பாமல் போவதற்கு ஏற்ற அளவில் உண்மையை நறுக்கி நீட்டினேன். அவர் நம்பவில்லை. நான் சொல்லிவிட்டேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்து, என்னை நேர்மையாகத் தோற்கடித்த ஒரே ஆள் என் மனைவிதான் என்று நானூறு பேர் முன்னால் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நான் பட்டுப்புடவையில் தலைகுனிந்து நின்றேன். நாணம் என்று புகைப்படக்காரர் நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் பிரிவில் ஓர் இடம் காலியானது. பிராயச்சித்தம் செய்ய வாய்ப்பு வந்துவிட்டது என்று துள்ளினேன். சிபாரிசு செய்கிறேன் என்றதும் அவர் முகம் மாறியது. "எனக்கு எது கிடைச்சாலும் என் தெறமையில கிடைக்கணும். நீ ஓங்கிட்ட வாயே திறக்கக் கூடாது" என்றார். நான் திறக்கவில்லை. அவராகவே விண்ணப்பித்தார்.

ஓங் மூன்று டர்போக்களை அடுத்தடுத்து ஓடவிட்டார். நான் ஓரமாக நின்று பார்த்தேன். என் கணவர் கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை. கால்சட்டைப் பையில் கை விட்டபடி, கடைக்காரர் விலை சொல்வதுபோல் சாதாரணமாக மூன்றையும் சொன்னார். மூன்றும் சரி. இதோ, இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும்!

ஓங் என் பக்கம் திரும்பினார். "அமுதா, வீட்டுல வச்சு நல்லா ட்ரெயினிங் குடுத்திருக்க" என்று பொருள்பட ஆங்கிலத்தில் சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் கணவர் மறுக்கவில்லை. பெருமையோடு என்னைப் பார்த்து, "ஆமா சார், அவங்கதான் எனக்கு டீச்சர்" என்றார்.

அந்தக் கணம் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். வெளியே வந்த சொல், "நன்றி."

இப்போது அவர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார். காலையில் ஒரே காரில் வருகிறோம். பாலத்து மழை இல்லை, நன்றாகத் தூங்குகிறார், சற்றுப் பருத்தும் இருக்கிறார். உன்னால்தான் என்கிறார். இதை மதிய இடைவேளையில், என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சற்றுமுன் கதவைத் தட்டி உள்ளே வந்து ஓர் அறிக்கையை வைத்துவிட்டுப் போனார். காலையில் அவர் கேட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்த கோளாறு. பிழையைக் கண்டறிந்தவர் என்ற இடத்தில், பிரிவுத் தலைவர் என்ற முறையில் என் பெயரை அவரே அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறார். கையொப்பம் மட்டும் பாக்கி.

இரண்டு மணிக்குள் வேண்டுமாம்.

போட்டுவிட்டேன்.