அண்ணன் பெயரில் வாங்கிய பத்து ஜாஸ் ரெக்கார்டுகள்

அண்ணன் இறந்த ஒன்பதாம் நாள் அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்று, "ஓடிபி ஹேளி சார்" என்று கன்னடத்தில் ஓடிபி எண்ணைக் கேட்டார். எண் அண்ணனுடைய போனுக்குத்தான் வந்திருக்கும். பீரோவில் இருந்த போனை எடுத்துவந்து படித்துச் சொன்னேன். அண்ணன் பெயரைச் சொல்லி எனக்கு நன்றி கூறிவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை.

பெட்டிக்குள் ரெக்கார்டு பிளேயர். பெங்களூரு அடுகோடியில் எங்கள் வீட்டில் ஒரு ரெக்கார்டுகூடக் கிடையாது. எலெக்ட்ரானிக் சிட்டியில், ஆபீஸ் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தவன் அவன். அதற்குச் சில வாரங்கள் முன்பு, "ஜாஸ்னா என்னன்னு உக்காந்து ஒழுங்கா கேக்கணும்டா. ஆரம்பிக்க ஒரு பத்து ரெக்கார்டு போதும்" என்று சொல்லியிருந்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டினேன்.

"திருப்பி அனுப்பிடுப்பா" என்றாள் அம்மா. அனுப்புவதற்குக் காரணம் கேட்டது அந்தக் கம்பெனியின் இணையப் பக்கம். கொடுத்திருந்த காரணங்களில் எதுவும் பொருந்தவில்லை. மூடிவிட்டேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டில் பழைய ஜாஸ் ரெக்கார்டுகள் விற்பனைக்கு இருப்பதாக நெட்டில் பார்த்து, ஒரு சனிக்கிழமை போனேன். கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும். அவருடைய அப்பா போன வருடம் இறந்துவிட்டார். அந்தப் பெண் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அப்பா போட்டாருன்னா நாங்க கதவ சாத்திப்போம்."

"எனக்கும் தெரியாது. அண்ணனுக்கு வாங்குறேன். இப்பதான் ஆரம்பிக்கிறான். பத்து போதும்னான்."

யோசித்தார். "அப்போ கவர் கிழிஞ்சதா பாத்து எடுங்க. அதெல்லாம்தான் அவரு அடிக்கடி போட்டது."

தரையில் உட்கார்ந்து தேடினோம். ஓரத்தில் டேப் ஒட்டியது, காபி டம்ளரின் வட்டம் பதிந்தது என்று அன்றைக்கு மூன்று எடுத்தேன். பத்தையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் அடுத்த சனிக்கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டில் போட்டேன். டிரம்பெட், பியானோ, கீழே எங்கோ டிரம்ஸ். வாஷிங் மெஷின் எப்போது நிற்கும் என்று காது கொடுப்பதுபோலத்தான் கேட்டேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுல பாட்டே வராதா?"

"வராதும்மா."

"நல்லதாப் போச்சு" என்றாள். பாட்டு எது வந்தாலும் அவன் முணுமுணுத்ததாக இருந்துவிடும் என்று வீட்டில் டிவியைக்கூடப் போடாமல் இருந்தோம்.

நான்காவது சனிக்கிழமை பத்து சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் கடைசி இரண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே, "ஒருநாள் உங்க அண்ணனையும் கூட்டிட்டு வாங்க. எது புடிச்சுதுன்னு கேக்கணும்" என்றார்.

"அவன் இல்லீங்க."

"ஊர்ல இல்லையா?"

"செத்துட்டான். நான் மொதல்ல இங்க வர்றதுக்கு முன்னாடியே."

யாருக்கோ வழி சொல்வதுபோல இருந்தது என் குரல். அவர் கை நின்றது. பிறகு, "அப்போ இதெல்லாம் யாரு கேக்குறா?" என்றார்.

"நானும் அம்மாவும். அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும்."

"உங்களுக்கு எது புடிச்சுது?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றின் சத்தம்கூட நினைவுக்கு வரவில்லை. "தெரியல" என்றேன்.

"நான் ஒரு தடவ வந்து கேக்கட்டுமா? இங்க பிளேயர மொதல்லயே வித்துட்டேன்."

மறுநாள் மதியம் வந்தார். அம்மா காபி கொடுத்தாள். டேப் அதிகம் ஒட்டியிருந்த ஒன்றை அவரே எடுத்துக்கொடுத்தார். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். சாக்ஸபோன் தனியாக வாசித்த ஓர் இடத்தில் அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அம்மா அவர் முழங்கால்மேல் கை வைத்தாள்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையாக இருந்தது. அண்ணன் போனதிலிருந்து எனக்கு அழுகைகூட வரவில்லை; மனதில் ஏதோ ஒன்று தோன்றியது அன்றைக்குத்தான்.