மல்லிகைக்கு வந்த பூச்சி

தொண்ணூறுகளில் ஒரு கோடை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஹரோவில், எங்கள் வீட்டுப் பின்வளவில், வேலியோடு படர்ந்திருந்த மல்லிகைக்கு முன்னால் விரல் நீளமும் இல்லாத ஓர் உயிர் அந்தரத்தில் நின்று தேன் குடித்தது. அடித்த வேகத்தில் செட்டையே தெரியவில்லை. அமெரிக்காவில் மட்டுமே வாழும் ஹம்மிங்பேர்ட் குருவி வந்திருக்கிறது என்று நண்பர்களுக்கெல்லாம் போன் பண்ணினேன். விலங்கியல் படித்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். அது கடல் தாண்டி வரும் ஓர் அந்துப்பூச்சி என்று நூலகத்துப் புத்தகம்தான் திருத்தியது.

"உங்கட அமெரிக்கக் குருவிக்கு மீசை இருக்கெண்டு நான் அப்பவே சொன்னனான்," என்று மனைவி சிரித்தாள்.

பூச்சி என்று தெரிந்தபின் என் மோகம் கூடியது. சாம்பல் உடம்பு, பின்செட்டையில் செம்மஞ்சள், உடம்பளவு நீளமான உறிஞ்சுகுழல். ஊசியில் நூல் கோப்பதுபோல அதை ஒவ்வொரு பூவிலும் ஒரே முயற்சியில் நுழைக்கும். அடுத்த கணம் அங்கே இருக்காது. ரோல் ரோலாகப் பிலிம் முடித்தேன். கழுவி வந்ததில் வெறும் பூக்கள்.

அந்த மல்லிகையை நட்டவள் மனைவி. ஊரில் யுத்தம். அவளுடைய தம்பியிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. சேதி வரும்வரை தினமும் தலைக்கு முழுகி, தன் கையால் கொடியிலிருந்து ஆய்ந்த பூவைப் பிள்ளையார் படத்துக்கு வைப்பதாக நேர்ந்திருந்தாள். பூ குறைந்தால் பூச்சி வராது என்று நான் தடுத்துவிட்டேன். பூவுக்குப் பதில் அரிசி தூவினாள்.

"பிள்ளையார் குறை நினைக்கமாட்டார். உங்கட பூச்சிதான் கோவிக்கும்," என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை கொழும்பிலிருந்து போன் வந்தது. தம்பி உயிரோடு வந்து சேர்ந்துவிட்டான். அவள் அழுதாள், முழுகினாள், பூத்தட்டத்தோடு குசினிப் பின்வாசலில் வந்து நின்றாள். நான் கமராவோடு கொடியடியில் குந்தியிருந்தேன். பூச்சி அப்போதுதான் வந்திருந்தது.

"இஞ்சருங்கோ, இண்டைக்காவது ஒரு கைப்பிடி ஆயட்டோ?"

"கொஞ்சம் நில்லும்," என்றேன், திரும்பாமலே.

பூச்சிக்கு அன்று அவசரம் இல்லை. பூப்பூவாகப் போனது, நானும் கூடவே நகர்ந்தேன். முப்பத்தாறு படமும் முடிந்து திரும்பியபோது அவள் அதே இடத்தில் நின்றாள். ஈரத் தலைமயிர் காய்ந்திருந்தது.

"முடிஞ்சுதோ? இனி ஆயலாமோ?"

அந்த ரோலில் ஒரு படம் வாய்த்தது. செட்டையின் செதில்கூடத் தெரியும். இப்போதும் கூடத்தில் தொங்குகிறது. கடந்து போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். வருகிறவர்கள் என் பொறுமையைப் பாராட்டுகிறார்கள். நானும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் இருந்த காலத்தில் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.