சோதனைச் சாவடியில் ஒரு சீனி ரோசா

போன சனிக்கிழமை பேராதனைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற சோதனைச் சாவடியில் என்னை மறித்து வைத்துவிட்டார்கள். நான் கொண்டுபோன பயங்கரப் பொருள் என்ன தெரியுமா?

சீனி!

முதலிலிருந்தே சொல்கிறேன். மூன்று மாதமாகச் சனிக்கிழமைகளில் கண்டி டவுனில் ஒரு வகுப்புக்குப் போய்வருகிறேன். ஐசிங் சீனி, முட்டை வெள்ளைக்கரு, ஜெலற்றின் எல்லாம் சேர்த்துக் களிபோலப் பிசைந்து, அதில் பூச் செய்கிற வகுப்பு. கலியாணக் கேக்குகளின் மேல் நிஜப் பூ மாதிரியே இருக்குமே... அதுதான்.

ஐம்பத்திரண்டு வயதில் இது எதற்கு? கந்தோரில் கூட வேலை செய்கிறவர்கள், "பென்சன் எடுத்தாப்பிறகு கேக் ஓடர் எடுக்கப் போறியளோ?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுதோ?" என்றாள். என் கணவர் எல்லோருக்கும் ஒரு படி மேலே போனார். "நாடு கிடக்கிற கிடையில உமக்குச் சீனிப் பூ கேக்குதோ?"

நியாயமான கேள்விதான். றேடியோவைத் திறந்தால் செத்தவர்களின் கணக்கு. ஊரில் என் அக்கா குண்டுக்குப் பயந்து எந்தப் பங்கருக்குள் குந்தியிருக்கிறாளோ தெரியாது. கடிதம் வந்து எத்தனையோ மாதம். இந்த நேரத்தில் ஆசைக்கு ஒன்றைப் படிப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால், "பிறகு உதவும்தானே" என்று பொய் சொல்லப் பழகிவிட்டேன். நம்மவர்களுக்கு எதைப் படித்தாலும் ஒரு பலன் வேண்டும், ஒரு சேர்ட்டிபிகேற் வேண்டும். பிடித்திருக்கிறது, அதனால் படிக்கிறேன் என்றால் — இவளுக்கு என்னவோ நடந்துவிட்டது என்று பார்ப்பார்கள்.

எங்கள் வகுப்பில் இந்தப் பொய்யைச் சொல்லாத ஒரே ஆள் பரமேஸ்வரி.

கலஹாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் அவருக்கு வேலை. நாற்பது வயதிருக்கும். கிழமை முழுக்கப் பத்து இருபது குழந்தைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு, சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். ஒருநாள் நான் கேட்டேன்.

"உங்கட தோட்டத்தில ஆர், பரமேஸ், பூ வைச்ச கேக் வெட்டப் போகினம்?"

"யாரும் இல்லக்கா. கேக்கு எனக்கு எதுக்கு? பூ செய்யத்தான் வர்றேன். செய்யிறப்ப நல்லா இருக்குல்ல?"

அவ்வளவுதான் காரணம். நல்லா இருக்கிறது! என் பொய்களையெல்லாம் நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சரி, சாவடிக்கு வருவோம்.

அன்றைக்கு வகுப்பு முடிய, வீட்டில் செய்து பழகலாம் என்று மிஞ்சிய களியை எடுத்துக்கொண்டேன். காற்றுப் பட்டால் இறுகிவிடும். ஆகவே பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, மேலே இன்னொரு பொலித்தீன். பூக்காம்புக்கு வைக்கிற மெல்லிய கம்பிகள் ஒரு பிடி இருந்தன. அவை தவறிப்போகக்கூடாதே? களி உருண்டையோடேயே சேர்த்து றப்பர் பான்ட் போட்டேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சினேன்.

இப்போது நீங்கள் கொஞ்சம் பாருங்கள். வெள்ளை வெளேரென்று ஒரு களி உருண்டை. அதைச் சுற்றிக் கம்பிக் கட்டு. கொண்டுபோகிறவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இந்த நாட்டில், இந்தக் காலத்தில், வேறு எந்த மடைச்சி இப்படி ஒரு பார்சல் கட்டுவாள்? களி ஊறுகிற நேரம் பார்க்கச் சின்ன மணிக்கூடு ஒன்றும் வாங்கச் சொல்லியிருந்தார் டீச்சர். நல்லகாலம், வாங்கவில்லை!

வழக்கம்போல எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். அதே பஸ்ஸில் வந்த பரமேஸ் வரிசையில் எனக்கு முன்னால். அவரிடம் அடையாள அட்டை கிடையாது. பிரஜாவுரிமை அலுவல் இன்னும் இழுபடுகிறது. தோட்டத்து ஒபிஸில் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றைத்தான் காட்டுவார். சில நாள் விடுவார்கள். சில நாள் ஓரமாக நிற்க வைத்து, பஸ் போனபிறகுதான் விடுவார்கள். அன்றைக்கு அதிர்ஷ்டம், விட்டுவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அடுத்தது நான். சிப்பாய் என் பைக்குள் கையை விட்டான். பார்சலைத் தூக்கிப் பார்த்தான். முகம் மாறியது. மெதுவாக, மிக மெதுவாக மேசையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போனான்.

"மே மொனவத?" — இது என்னவென்று அங்கே நின்று கத்தினான். எனக்குப் பின்னால் நின்ற சனம் அப்படியே சிதறியது.

இருபத்தைந்து வருஷம் கந்தோரில் சிங்களத்தில் வேலை செய்தவள் நான். அந்த நேரம் வாயில் ஒரு சொல்தான் வந்தது. "சீனி... சீனி..."

சார்ஜன்ட் வந்தார். என் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொலித்தீனைத் தடியால் விலக்கச் சொல்லி உருண்டையைப் பார்த்தார். கேக்குக்குப் பூச் செய்கிற களி என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"பூவா? இதிலா? எங்கே, செய்து காட்டு."

செய்து காட்டாவிட்டால்? ஜீப் பக்கத்திலேயே நின்றது. முன்பொருநாள் என் கந்தோர்ச் சிநேகிதி ஒருத்தியைச் சின்ன விசாரணை என்று இப்படித்தான் ஏற்றிப் போனார்கள். மூன்று கிழமை கழித்து வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று இன்றைக்கும் அவள் வாய் திறந்ததில்லை. எனக்கு அவளுடைய முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

களியைக் கிள்ளினேன். இதழ் கிழிந்தது. ஒட்டினேன். அடுத்ததும் கிழிந்தது. கடைசியில் நான் செய்து முடித்தது ஒரு முட்டைக்கோவா. அதுவும் சந்தையில் மிஞ்சிக் கிடக்கிற வாடல் கோவா! சார்ஜன்ட் அதைப் பார்த்தார். ஜீப்புப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க."

பரமேஸ்! அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து நிற்கிறார். பின்னால் கொண்டக்டர் கத்துகிறான். பரமேஸ் தன் கடிதத்தைத் தானாகவே சார்ஜன்டின் முன்னால் விரித்து வைத்தார். பிறகு பக்கத்தில் நின்ற சிப்பாயிடம், நல்ல சிங்களத்தில், ஒட்டுவதற்குக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அவன் என்ன நினைத்தானோ, தன் போத்தல் மூடியில் ஊற்றிக் கொடுத்தான்.

கம்பி நுனியை மடக்கி, அதில் ஒரு சின்ன மொட்டு. பிறகு முதல் இதழ். வகுப்பில் அதற்கென்று கருவிகள் உண்டு. இங்கே பெருவிரலும் உள்ளங்கையும்தான். இதழின் ஓரத்தை நீவ நீவ அது மெலிந்து, பின்னாலிருந்த வெயில் ஊடே தெரிந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து... ஒவ்வொன்றையும் லேசாகப் பின்னால் வளைத்துவிட்டார். ஓர் இதழ்கூடக் கிழியவில்லை.

சிப்பாய்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். ஒருவன் தோளில் கிடந்த துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தான். பயந்து செத்துக்கொண்டிருந்த நான்கூட, எங்கே நிற்கிறேன் என்பதை மறந்துபோனேன். என்ன கை அது, கடவுளே! கோயிலில் திரை விலகுகிற நேரத்தில்கூட நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை.

பூ முடிந்தது. சார்ஜன்ட் காம்பைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"தின்."

நான் முட்டை சாப்பிடாத சைவம். வெள்ளைக்கரு சேர்ந்த அந்தக் களியைப் பிசைவேனே தவிர, வாயில் வைத்ததில்லை. அன்றைக்கு அதுவா பெரிதாகத் தெரிந்தது? அவ்வளவு அழகான ஒன்றைக் கடிக்க மனம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஓர் இதழைப் பிய்த்து வாயில் போட்டேன். கண்ணால் பொலபொலவென்று கொட்டியது. குனிந்து பார்த்த அந்தச் சிப்பாய் தானும் ஓர் இதழைப் பிய்த்து நாக்கில் வைத்தான்.

"சீனி தமாய், சேர்!" சீனியேதானாம்.

சார்ஜன்ட் அடையாள அட்டையையும் கடிதத்தையும் ஒன்றாகச் சேர்த்துத் தந்தார். போகச் சொன்னார். பூவை மட்டும் திருப்பித் தரவில்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது.

"உங்களுக்குப் பைத்தியமே பரமேஸ்? கையில இருக்கிறது ஒரு துண்டுக் கடிதம். அதைக் கிழிச்செறிஞ்சிருந்தா? உங்களையும் ஏத்தியிருந்தா? தப்பிப் போன ஆள் ஏன் திரும்பி வந்தனீங்கள்?"

பரமேஸ் நகத்தில் ஒட்டியிருந்த சீனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"போயிடலாம்னுதான் இருந்தேன்க்கா. ஜன்னல்ல எட்டிப் பாத்தா, நீங்க செஞ்ச பூவு தெரிஞ்சிச்சு... அத நம்பி ஒங்கள யாரு விடுவாங்க?"